ஐந்து நாற்காலி, நீண்ட வரிசை: கேன்டனுக்குப் போகப்போவது யார்?

2025 டிசம்பரில் ஃபிலிப் ரிவர்ஸுக்கு 44 வயது. களத்தைவிட்டுப் போய் ஐந்து பருவம் ஆகிவிட்டது. அலபாமாவில் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார், தாத்தாவும் ஆகிவிட்டார். அமெரிக்க ஃபுட்பாலில் தலைசிறந்தவர்களுக்கு மரியாதை செய்யும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2026-இல் யாரைச் சேர்க்கலாம் என்று சுருக்கிய 26 பேர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அந்த நேரத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், காயப்பட்டு விழ, பழைய ஆளைக் கூப்பிட்டார்கள். மனிதர் கிளம்பிப் போய்விட்டார்.

களத்தில் இறங்கியதும் பழைய காத்திருப்புக் கணக்கு அழிந்தது. கடைசியாக ஆடிய பருவத்துக்குப் பிறகு ஐந்து பருவம் ஓய்வில் இருந்தால்தான் ஒருவர் பெயரை எடுத்துக்கொள்வார்கள் என்பது ஹாலின் விதி. 63,000 கஜத்துக்கு மேல் பந்து வீசியவர், ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்கு எட்டு முறை தேர்வானவர், மூன்று ஆட்டத்துக்காக 2031 வரை தள்ளிப்போனார். என்னைக் கேட்டால், அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. ரசிகர்கள்தான் கவலைப்பட்டார்கள்.

இந்த ஆட்டத்தைப் பின்தொடர்கிறவர்களுக்கு வருஷம் முழுக்க ஓயாத ஒரு வாதம் உண்டு. இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களில், இன்றைக்கே ஓய்வு பெற்றால்கூட யாருக்கு இடம் உறுதி? யார் இன்னும் கொஞ்சம் செய்ய வேண்டும்? இதை வரிசைப்படுத்துவது, யார் நல்ல ஆட்டக்காரர் என்று வரிசைப்படுத்துவதிலிருந்து வேறான வேலை. ஏறத்தாழ ஐம்பது பேர் கூடி என்ன முடிவெடுப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்கும் வேலை இது. அந்த ஐம்பது பேரும் எதைப் பார்க்கிறார்கள், எதைக் கண்டுகொள்வதில்லை என்பது தெரியாமல் போட்ட பட்டியல் வெறும் ஆசைப் பட்டியல்தான்.

கேன்டனில் நடப்பது

ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் ஒன்றும் பெரிய நகரம் இல்லை. அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான இன்றைய என்எஃப்எல் 1920-இல் பிறந்தது அங்கே, ஒரு கார் விற்பனைக் கடையில். அந்த உறவை வைத்துத்தான் 1963-இல் ஹாலும் அங்கேயே திறந்தது. முதல் வருஷம் 17 பேரைச் சேர்த்தார்கள். 2026-இல் தேர்வானவர்களையும் கூட்டினால் மொத்தம் 387 பேர். நூறு வருஷத்துக்கு மேல் ஆடிவரும் ஒரு லீகுக்கு, பயிற்சியாளர்களையும் நிர்வாகிகளையும் சேர்த்தே இவ்வளவுதான்.

தேர்வுக்குழுவில் பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள். சமீப காலத்து ஆட்டக்காரர்களில் 15 பேர் இறுதிக்கு வருவார்கள். அதைப் பத்தாக்கி, பிறகு ஏழாக்குவார்கள். அந்த ஏழு பேரில் ஒவ்வொரு உறுப்பினரும் ஐந்து பேருக்கு ஓட்டுப் போடலாம். 80 சதவீதம் கிடைத்தால்தான் இடம். கேட்க எளிது. ஆனால் ஏழு பேருமே தகுதியானவர்களாக இருந்தால் ஓட்டு சிதறும். 2025-இல் நடந்தது அதுதான். எல்லாப் பிரிவும் சேர்த்து நாலே பேர்: அன்டோனியோ கேட்ஸ், ஜாரெட் ஆலன், எரிக் ஆலன், ஸ்டெர்லிங் ஷார்ப். அடுத்த வருஷம், லீகின் இறுதியாட்டமான சூப்பர் பவுலைத் தலைமைப் பயிற்சியாளராக ஆறு முறை வென்ற பில் பெலிச்சிக்குக்கே முதல் முறையில் 80 சதவீதம் கிடைக்கவில்லை. ஊரே கொந்தளித்தது.

ஆகவே ஒருவரின் தகுதியை மட்டும் பார்த்தால் போதாது. அவர் வரும் வருஷத்தில் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும். 2027-இல் ராப் கிரான்கௌஸ்கி, ஏட்ரியன் பீட்டர்சன், பென் ராத்லிஸ்பெர்கர் முதல் முறையாக வருகிறார்கள். 2028-இல் டாம் பிரேடியும் ஜே.ஜே. வாட்டும். 2029-இல் ஆரன் டானல்டும் ஜேசன் கெல்சியும். இவர்கள் பலரும் வந்த வேகத்தில் உள்ளே போய்விடுவார்கள். அப்புறம் மிச்சம் இருக்கும் நாற்காலிக்குத்தான் மற்றவர்கள் அடித்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சான்று எடுபடும்?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே முதலில் குழப்பம் வரும். சராசரி என்று ஓர் எண்ணைக் காட்டி எல்லா மட்டையாளர்களையும் ஒப்பிடுவது போல இங்கே முடியாது. குவாட்டர்பேக்குக்கு வீசிய கஜம் இருக்கிறது, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு ஓடிய கஜம் இருக்கிறது. எதிராளியைத் தடுத்து நிற்கும் லைன்மேனுக்கு என்ன எண் இருக்கிறது? எதுவும் இல்லை. பாதுகாப்புப் பக்கத்திலும் பாதி எண்கள் நம்பகமில்லாதவை. குவாட்டர்பேக் பந்தை வீசும் முன்பே அவரை வீழ்த்துவதை சாக் என்பார்கள். அதை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982-இல்தான். பருவத்துக்கு எத்தனை ஆட்டம் என்பதும் மாறிக்கொண்டே வந்தது: 1978-இல் 14 என்பது 16 ஆனது, 2021-இல் 17 ஆனது.

அதனால் எல்லா நிலைகளுக்கும் பொதுவாக ஒரு சான்று தேவைப்படுகிறது. அதுதான் ஆல்-ப்ரோ. அசோசியேட்டட் பிரஸ் ஒவ்வொரு பருவ முடிவிலும் ஐம்பது பேரிடம் ஓட்டு வாங்கி, ஒவ்வொரு நிலையிலும் அந்த வருஷத்துச் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் அணியில் இடம் பிடித்தால் அந்த வருஷம் உங்கள் வேலையை உங்களைவிட நன்றாகச் செய்தவர் யாருமில்லை என்று அர்த்தம். ப்ரோ பவுலையும் இதையும் ஒரே தட்டில் வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ப்ரோ பவுலில் ரசிகர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். தேர்வானவர் வர முடியாவிட்டால் அடுத்தவர், அவரும் வராவிட்டால் அதற்கடுத்தவர் என்று போய்க்கொண்டே இருக்கும். 2022 பருவத்தில் மொத்தமே இரண்டு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) வீசிய டைலர் ஹன்ட்லி அப்படித்தான் ப்ரோ பவுல் வீரரானார். அவர் மேல் தப்பில்லை, கூப்பிட்டார்கள், போனார்.

ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம் ஆல்-ப்ரோ, ப்ரோ பவுல், கோப்பை, ஆட்டத்தின் மதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரு மதிப்பெண்ணே போட்டு வைத்திருக்கிறது. 100-ஐ ஒட்டி இருந்தால் ஏறக்குறைய ஒரு சராசரி ஹால் ஆஃப் ஃபேமர். தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. களத்துக்கு வெளியே ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்க்கக் கூடாது என்று ஹாலின் விதியே சொல்கிறது. ஓ.ஜே. சிம்சன் 1985-இல் சேர்க்கப்பட்டவர். பின்னாளில் கொலை வழக்கு, கொள்ளை வழக்கில் சிறை என்று என்னென்னவோ நடந்தும் அவருடைய வெண்கலத் தலை கேன்டனில் அப்படியே இருக்கிறது. விதி அப்படி. மனசுக்குள் யார் எதை எண்ணிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்பது வேறு கதை.

விவாதமே தேவையில்லாதவர்கள்

2025 பருவத்தில் களமிறங்கியவர்களையே இங்கே ஆடிக்கொண்டிருப்பவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலிடம் பேட்ரிக் மஹோம்ஸ். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்காக மூன்று சூப்பர் பவுல். மூன்றிலும் இறுதியாட்ட நாயகன் அவரே. 2018-இலும் 2022-இலும் லீகின் எம்விபி, அதாவது அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2025 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து பருவம் பாதியில் முடிந்தது. அந்த முழங்காலோடு அவர் திரும்பி வராமலே போயிருந்தாலும் கேன்டன் கதவு திறந்துதான் இருந்திருக்கும்.

அடுத்தவர் ஆரன் ராட்ஜர்ஸ். நான்கு எம்விபி. பெய்டன் மேனிங்கின் ஐந்துக்கு அடுத்த இடம். 500 டச் டவுனைத் தாண்டியவர். ஒரே ஒரு சூப்பர் பவுல்தானே என்று குறை சொல்பவர்கள் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குறை அவர் முதல் ஐந்து குவாட்டர்பேக்குகளில் ஒருவரா என்ற வாதத்துக்குத்தான் உதவும். ஹாலுக்குள் போவாரா என்ற கேள்வியை அது தொடாது.

மூன்றாவதாக ட்ராவிஸ் கெல்சி. டைட் எண்ட் என்பவர் பாதி தடுப்பவர், பாதி பந்து பிடிப்பவர். அந்த நிலையில் ஆடிக்கொண்டு 2016 முதல் 2022 வரை ஏழு பருவம் விடாமல் ஆயிரம் கஜம் எடுத்தார். பருவ ஆட்டங்கள் முடிந்து வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் அதிக முறை பந்து பிடித்தவர் என்ற சாதனையை ஜெர்ரி ரைஸிடமிருந்தே பறித்தார். மூன்று கோப்பை, நான்கு முறை ஆல்-ப்ரோ முதல் அணி. சிலர் அவரை நான்காவது, ஐந்தாவது இடத்துக்குத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஏனென்று எனக்குப் புரிவதில்லை.

ட்ரென்ட் வில்லியம்ஸைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குவாட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கும் டாக்கிள். புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2010-இல் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டவர். தலையில் வளர்ந்த கட்டியாலும் அணியோடு ஏற்பட்ட பிணக்காலும் 2019 பருவம் முழுவதும் ஆடவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய், 33 வயதில் முதல் முறையாக ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம் பிடித்தார். 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று முறை. பத்துக்கும் மேல் ப்ரோ பவுல். சூப்பர் பவுல் கோப்பை இல்லை. ஆனால் லைன்மேன்களிடம் குழு அதைக் கேட்பதில்லை. கிளீவ்லேண்டின் ஜோ தாமஸ் வாழ்நாளில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. தொடர்ந்து 10,363 ஸ்னாப், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த ஒவ்வொரு தடவையும் ஒன்றுவிடாமல், களத்தில் நின்றார். 2023-இல், தகுதி பெற்ற முதல் வருஷமே, சேர்த்துக்கொண்டார்கள்.

மைல்ஸ் கேரட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். 2025-இல் 23 சாக். மைக்கேல் ஸ்ட்ரேஹனும் டி.ஜே. வாட்டும் பகிர்ந்துகொண்டிருந்த 22.5 என்ற சாதனை உடைந்தது. ஸ்ட்ரேஹன் காலத்தில் 16 ஆட்டம், இப்போது 17 என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1978-இல் டெட்ராய்டின் அல் பேக்கர் 23 எடுத்தார், அப்போது சாக் என்பதை லீக் எண்ணவே இல்லை. கேரட் இரண்டு முறை சிறந்த பாதுகாப்பு ஆட்டக்காரர், ஐந்து முறை ஆல்-ப்ரோ முதல் அணி. எல்லாம் முப்பது வயதை எட்டும்போதே.

உள்ளே போவார்கள், ஆனால் எப்போது?

பாபி வேக்னர் பாதுகாப்பின் நடுவில் நிற்கும் லைன்பேக்கர், ஆறு முறை ஆல்-ப்ரோ முதல் அணி. சியாட்டிலோடு ஒரு சூப்பர் பவுல். எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வரக் கூடாது. ஆனால் நடு லைன்பேக்கர்களைக் குழு காக்க வைக்கும். ஐந்து முறை ஆல்-ப்ரோவான பேட்ரிக் வில்லிஸ் 2024 வரை நின்றார். அதே ஐந்து முறை ஆல்-ப்ரோவான லூக் கீக்லி 2025-இல் தவறவிட்டு 2026-இல் போனார். இருவரும் ஆடியது எட்டு எட்டுப் பருவம்தான். வேக்னர் அதைவிட நெடுங்காலம் ஆடியிருக்கிறார், அது அவருக்குச் சாதகம்.

வான் மில்லருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். 2016 பிப்ரவரியில் நடந்த 50-ஆவது சூப்பர் பவுலில் கேம் நியூட்டனை இரண்டரை சாக், இரண்டு முறை கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டது, ஆட்ட நாயகன். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ரேம்ஸோடு இன்னொரு கோப்பை. கோப்பை இல்லாத டி.ஜே. வாட்டின் நிலை கொஞ்சம் சிக்கல். மூன்று பருவங்களில் லீகிலேயே அதிக சாக் எடுத்தவர், 2021-இல் சிறந்த பாதுகாப்பு ஆட்டக்காரர், நான்கு முறை ஆல்-ப்ரோ. ஆனால் அவர் வந்த பிறகு பிட்ஸ்பர்க் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட வெல்லவில்லை. அது அவர் குற்றமா என்றால் இல்லை. 136 சாக் எடுத்த ஜாரெட் ஆலனும் நான்கு முறை ஆல்-ப்ரோதான், கோப்பை கிடையாது. ஐந்தாவது வருஷம்தான் உள்ளே விட்டார்கள்.

குவாட்டர்பேக் லமார் ஜாக்சனுக்கு ஒரு நல்ல துணை இருக்கிறது: வரலாறு. அசோசியேட்டட் பிரஸின் எம்விபியை இரண்டு முறையாவது வென்று, ஹாலுக்குத் தகுதிபெறும் காலமும் வந்தவர்கள் எல்லோரும் கேன்டனில்தான் இருக்கிறார்கள். ஜிம் பிரவுன், ஜானி யுனைடஸ், ஜோ மொன்டானா, ஸ்டீவ் யங், பிரெட் ஃபாவ்ர், கர்ட் வார்னர், பெய்டன் மேனிங். விதிவிலக்கு ஒருவர்கூட இல்லை. ஜாக்சன் 2019-இல் ஐம்பதுக்கு ஐம்பது ஓட்டும் வாங்கி ஒன்று, 2023-இல் இன்னொன்று. சூப்பர் பவுல் பக்கம் இன்னும் போகவில்லை என்பது உறுத்தத்தான் செய்யும். ஜாஷ் ஆலனிடம் 2024 எம்விபி ஒன்று. அது மட்டும் போதாது. 1981 எம்விபியான கென் ஆண்டர்சன் இன்னும் வெளியேதான் இருக்கிறார்.

ரன்னிங் பேக்குகளில் டெரிக் ஹென்றி. 2020-இல் 2,027 கஜம். ஒரே பருவத்தில் 2,000 கஜம் ஓடியவர்கள் மொத்தம் ஒன்பது பேர், அதில் ஜமால் லூயிஸும் கிறிஸ் ஜான்சனும் ஹாலுக்குள் இல்லை. ஆக ஒரு பெரிய பருவம் மட்டும் டிக்கெட் ஆகாது. வெறும் நீளமும் ஆகாது: ஃபிராங்க் கோர் 16,000 கஜத்தோடு எக்காலத்துக்குமான பட்டியலில் மூன்றாவது. ஆல்-ப்ரோ முதல் அணியில் ஒருமுறைகூட இல்லை. முதல் வருஷத்தில் அவரை எடுக்கவில்லை. ஹென்றியிடம் இரண்டும் இருக்கிறது. 30 வயதில் ரன்னிங் பேக்குகள் தேய்ந்துபோவார்கள் என்பது இந்த ஆட்டத்தில் பழமொழி மாதிரி. அவர் அந்த வயதில் பால்டிமோர் போய் 1,921 கஜம் ஓடினார். எனக்கு அவர் முதல் வருஷ ஆள்.

கிறிஸ்டியன் மெக்காஃப்ரி பக்கமும் காற்று மெல்லத் திரும்புகிறது. ஒரே பருவத்தில் ஓடியும் ஆயிரம் கஜம், பிடித்தும் ஆயிரம் கஜம் எடுத்தவர்கள் மூவர்தான்: 1985-இல் ராஜர் கிரெய்க், 1999-இல் மார்ஷல் ஃபாக், 2019-இல் மெக்காஃப்ரி. ஃபாக் எப்போதோ உள்ளே போய்விட்டார். கிரெய்க் ஓய்வு பெற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு 2026-இல் தேர்வானார்.

ரிசீவர்களின் நெரிசல்

பந்து பிடிக்கிறவர்களின் வரிசைதான் இருப்பதிலேயே நெருக்கடியானது. டோரி ஹோல்ட் பத்து வருஷத்துக்கு மேல் நிற்கிறார். ரெஜி வெய்னும் நிற்கிறார். முன்னைவிட இப்போது பந்தை அதிகம் வீசுவதால் எல்லோருடைய எண்ணும் பெரிதாகத் தெரிகிறது, பத்தாயிரம் கஜம் என்றால் முன்பு போல யாரும் வாய் பிளப்பதில்லை.

இதில் மைக் எவன்ஸ் ஒரு விநோதம். ஆட வந்த முதல் வருஷத்திலிருந்து தொடர்ந்து பதினோரு பருவம் ஆயிரம் கஜம். ஜெர்ரி ரைஸின் தொடருக்குச் சமம். 2025-இல் காயம் வந்து தொடர் அறுந்தது. டாம்பா பேயோடு கோப்பையும் உண்டு. ஆனால் அந்தப் பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட ஆல்-ப்ரோ முதல் அணியில் இல்லை. எப்போதும் மிக நல்லவர், எந்த வருஷமும் முதல்வர் இல்லை. டவான்டே ஆடம்ஸ் நேர் எதிர்: 2020 முதல் 2022 வரை மூன்று வருஷமும் முதல் அணி, கோப்பை இல்லை. இருவரில் ஒருவர் என்றால் நான் ஆடம்ஸை முன்னால் வைப்பேன். அது சிறுபான்மைக் கருத்தாகவும் இருக்கலாம்.

ஸ்டாஃபோர்ட் வழக்கு

கடைசியாக, இந்த ஒரு வருஷத்தில் யாருடைய இடம் அதிகம் நகர்ந்தது என்று கேட்டால் மேத்யூ ஸ்டாஃபோர்ட். டெட்ராய்டில் 12 பருவம், மூன்று பிளேஆஃப் ஆட்டம், மூன்றும் தோல்வி. ரேம்ஸுக்கு மாறிய முதல் பருவத்திலேயே சூப்பர் பவுல். அப்போதும் அவர் ஓரத்து ஆளாகத்தான் இருந்தார். கஜம் நிறைய, பாராட்டு குறைவு. 2025-க்கு முன் ஆல்-ப்ரோ முதல் அணியில் ஒருமுறைகூட வந்ததில்லை, ப்ரோ பவுலே இரண்டுதான். இப்படிப்பட்டவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஈலை மேனிங்கே சாட்சி. இரண்டு சூப்பர் பவுல், இரண்டிலும் ஆட்ட நாயகன். ஆனால் பருவ ஆட்டங்களில் 117 வெற்றி, 117 தோல்வி, ஆல்-ப்ரோ பூஜ்யம். 2025-இலும் 2026-இலும் கதவு திறக்கவில்லை.

பிறகு 2025-இல், 37 வயதில், முதுகுவலியால் பயிற்சி முகாமையே தவறவிட்ட ஸ்டாஃபோர்ட் 46 டச் டவுன் வீசி எம்விபி வாங்கினார். 60,000 கஜத்தையும் தாண்டினார். கோப்பை, எம்விபி, கஜம் மூன்றும் சேர்ந்துவிட்டதால் பழைய எதிர்வாதத்தில் மிச்சம் இருப்பது டெட்ராய்ட் மட்டுமே. அந்த அணி எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் அதையும் அவர் கணக்கில் எழுத மாட்டார்கள்.

என் கணக்கில் அவர் உள்ளே. ஆனால் முதல் வருஷமே என்று சொல்ல மாட்டேன். 2025 பருவத்தை யாருக்கெல்லாம் கடைசியாக எடுத்துக்கொள்கிறோமோ, அவர்கள் எல்லோரும் 2031-இல் ஒன்றாக வந்து நிற்பார்கள். கெல்சியோ ராட்ஜர்ஸோ ஸ்டாஃபோர்டோ, யார் வந்து நின்றாலும் பக்கத்தில் ரிவர்ஸும் நிற்பார்.